சிரட்டையில் யூவி அச்சு: நடுவில் தெளிவு, ஓரத்தில் புகை. உதவி தேவை

உப்புவெளி:
கோணேஸ்வரம் வருகிறவர்களுக்கு விற்கிற சிரட்டைக் கிண்ணத்தில் கோயில் படம், ஸ்டீல் போத்தலில் புள்ளிமான். பிரின்டர் ஏ3 யூவி ஃபிளாட்பெட் (தட்டில் வைத்த பொருளில் மை தெளித்து, புறஊதா ஒளியால் உடனே இறுக்குவது). சிரட்டையின் குறுக்களவு 100 மி.மீ., படம் 40 மி.மீ. அகலம். நடுப்பகுதி கச்சிதம். இரு ஓரமும் புகை பிடித்த மாதிரி, எழுத்து இரட்டையாக விழுகிறது. நகத்தால் சுரண்டினால் மை செதிலாக உரிகிறது. போத்தலிலும் ஓரம் இப்படித்தான். ஹெட்டை (மை தெளிக்கும் தலையை) கழுவியும் மாற்றமில்லை.

நிலாவெளி:
ஹெட்டை விடுங்கோ தம்பி, உயரம்தான் சிக்கல். மைத்துளி சரியாக விழ ஹெட்டுக்கும் பொருளுக்கும் இடையே 1.5–2 மி.மீ. போதும். 100 மி.மீ. வட்டத்தில் 40 மி.மீ. அகலம் எடுத்தால் ஓரம் நடுவைவிட 4.2 மி.மீ. தாழ்ந்து நிற்கும். மொத்த இடைவெளி சுமார் 6 மி.மீ. ஆகிவிடும். அவ்வளவு தூரத்தில் சின்னத் துளி வேகம் இழந்து சிதறும், அதுதான் அந்தப் புகை. இரட்டை எழுத்துக்குக் காரணம் வேறு: ஹெட் போகும்போதும் திரும்பும்போதும் அச்சடிக்கிறது, துளியும் அந்தப் பக்கமே இழுபடுகிறது. தூரம் கூடக் கூட இரு துளிகளும் விலகும்.

படத்தை 20 மி.மீ. ஆக்கினால் தாழ்வு 1 மி.மீ.தான். 30 என்றால் 2.3. அதோடு ஒருதிசை அச்சு (ஹெட் போகும்போது மட்டும்), குறைந்த ஹெட் வேகம் வையுங்கோ. ஓரத்தில் மெல்லிய எழுத்து வேண்டாம். சிரட்டை எல்லாப் பக்கமும் வளைவதால் ரோட்டரி (பொருளைச் சுழற்றிக் கொடுக்கும் கருவி) உதவாது.

போத்தலுக்கு ரோட்டரிதான் வழி. 70 மி.மீ. போத்தலின் சுற்றளவு 220 மி.மீ., இதை மென்பொருளில் சரியாகக் கொடுக்காவிட்டால் மானின் கால் நீளும். வாய்ப்பக்கம் ஒடுங்கிய போத்தல் என்றால் ஹெட்டைப் பார்க்கும் மேற்பக்கம் மட்டமாகும்வரை ரோட்டரியைச் சாய்க்க வேண்டும்.

கிண்ணியா:
உரிவதற்கு என் பதில். சிரட்டையில் எண்ணெய் இருக்கும், நார்த்துளையும் இருக்கும். நன்றாகக் காய்ந்ததை 240, பிறகு 400 எண் சாண்ட் பேப்பரால் தேய்த்து, தூசி தட்டி, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். துளைகளை மெல்லிய சீலரால் அடைக்காவிட்டால் வெள்ளை மை உள்ளே இறங்கி, படம் மங்கிப்போகும். அடியில் வெள்ளை கட்டாயம். பழுப்பின் மேல் நேரே நிறம் போட்டால் எல்லாம் சேறுதான்.

உப்புவெளி:
நன்றி அண்ணை. போத்தலுக்குப் பிரைமர் (மை ஒட்டுவதற்கான அடிப்பூச்சு) பூசியும் உரிகிறதே?

கிண்ணியா:
தடிப்பாகப் பூசியிருப்பீர்கள். துணியில் நனைத்து ஒரே ஒரு மெல்லிய படலம், டப்பாவில் சொன்ன நேரம் காய விட்டு, கை படாமல் உடனே அச்சடியுங்கள். கடற்கரைக் கடையில் போத்தல் மேல் உப்பு படியும், பிரைமருக்கு முன் நீரால் துடைத்து உலர்த்துவது நல்லது. 24 மணி கழித்து 1 மி.மீ. இடைவெளியில் ஆறு கீறல், குறுக்கே ஆறு, டேப் ஒட்டி இழுங்கள். சதுரம் எதுவும் டேப்போடு வரக்கூடாது.

நிலாவெளி:
இன்னொன்று, இதைப் பலர் மறப்பார்கள்: பளபளக்கும் ஸ்டீல் யூவி விளக்கின் ஒளியை ஹெட்டுக்கே திருப்பும். துளை வாயில் மை இறுகிவிட்டால் ஹெட் போச்சு. அச்சடிக்காத பகுதியை மட் கறுப்பு டேப்பால் மூடுங்கள்.

மூதூர்:
யூவி டிடிஎஃப் ஸ்டிக்கர் (முதலில் ஃபிலிமில் அச்சடித்துப் பிறகு பொருளுக்கு மாற்றுவது) ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லையே?

நிலாவெளி:
வழவழப்பான போத்தலுக்குச் சரி. சிரட்டையின் மேடுபள்ளத்தில் அடியில் காற்று நிற்கும், ஓரத்திலிருந்து கிளம்பிவிடும்.