சில்வியா 'புஸ்ஸ்'னு சீறுது, அடுத்த நொடியே படுத்துடுது. யாராவது வழி சொல்லுங்க

மக்களே, முதல்ல சிரிச்சு முடிச்சிடுங்க, அப்புறம் படிங்க.

வண்டி நிஸ்ஸான் சில்வியா எஸ்15, ஸ்பெக் ஆர். 2 லிட்டர் டர்போ, கம்பெனியில இருந்து வரும்போதே 250 குதிரைத்திறன். அதோட சும்மா இருந்திருக்கலாம். கியர் மாத்தும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்கணும்னு, டர்போ அழுத்தின காத்தை வெளியே விடுற புளோ ஆஃப் வால்வை நானே மாட்டினேன். சத்தம் என்னவோ அமிர்தம்தான்! ஆனா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்து கிளட்சை மிதிச்சா, ஆர்பிஎம் முள் 500க்குக் கீழ விழுந்து, ரெண்டு தடவை நடுங்கி, எஞ்சின் நின்னுடுது. சைலன்சர் குழாய்க்குள்ள விரலை விட்டா கரி அப்பிக்கிட்டு வருது.

எனக்குப் புரிஞ்ச வரை, உள்ளே போற காத்தை ஏர் ஃப்ளோ மீட்டர் முன்னாடியே அளந்து, எஞ்சினோட கம்ப்யூட்டரான ஈசியூவுக்குச் சொல்லிடுது. நான் அந்தக் காத்தை நடுவழியில துப்பிடறேன். பெட்ரோல் மட்டும் பழைய கணக்குப்படி வந்து இறங்குது.

காத்தை வெளியே விடாம உள்ளேயே திருப்பி அனுப்புற பழைய வால்வையே மாட்டிடவா? இல்ல காத்தோட அழுத்தத்தை அளக்குற மேப் சென்சாரும் தனி ஈசியூவும் போட்டு டியூன் பண்றதுதான் வழியா? புது வால்வோட ஸ்பிரிங்கை இறுக்கினா போதும்னு ஒருத்தர் சொன்னார். செஞ்சு பார்த்தவங்க இருக்கீங்களா?

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கார் வெச்சிருக்கிற அண்ணே, 'ரோட்டரி எஞ்சினுக்கு மாறிடு'ன்னு ஆரம்பிக்காதீங்க. அது ஆயில் குடிக்கிற எஞ்சின், டிக்கியில ஆயில் கேனோட சுத்துறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.