வேலிக்கால் சரிசெய்ய ஆள் வந்தால் என்னவெல்லாம் நடக்கும்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

எங்கள் மரவேலியில் ஒரு கால் சாய்ந்து, அதோடு பலகைகளும் சேர்ந்து தொங்க ஆரம்பித்ததும், இதையே தொழிலாகச் செய்பவர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் வேலை செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆள் கூப்பிடப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

வந்தவர் சாய்ந்த காலிடம் முதலில் போகவே இல்லை. வேலி நெடுக நடந்து ஒவ்வொரு காலையும் கையால் தள்ளிப் பார்த்தார். அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலடி மண்ணை ஒரு விரல் ஆழத்துக்கு ஒதுக்கிவிட்டுத் திருப்புளி முனையால் மரத்தைக் குத்தினார். நல்ல மரத்தில் முனை டக்கென்று நின்றது. சாய்ந்த காலில் சத்தமே இல்லாமல் உள்ளே போய், இழுத்தபோது கறுப்பாக, நார் நாராக ஒட்டிக்கொண்டு வந்தது. பார்வைக்கு நேராக நின்ற இன்னொரு காலும் அப்படியேதான் இருந்தது, அதை நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. மரம் உளுப்பது பெரும்பாலும் தரைமட்டத்தை ஒட்டித்தான், ஏனென்றால் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான், இன்னும் ஆழத்தில் காற்று குறைவு, மேலே மரம் காய்ந்துவிடுகிறது என்றார். இந்தச் சோதனையைச் செய்யாமல் தூரத்தில் நின்றே விலை சொல்கிற ஆளை நான் நம்பமாட்டேன்.

எல்லாக் காலையும் மாற்ற வேண்டியதில்லை. மரம் நன்றாக இருந்து அடியில் பிடிமானம் மட்டும் தளர்ந்திருந்தால், சுற்றிலும் தோண்டி, காலை நிமிர்த்தி, புதுக் கான்கிரீட் போட்டால் போதும். அடி மட்டும் உளுத்திருந்தால் பக்கத்தில் குட்டையான கான்கிரீட் துணைக்கால் ஒன்றை நட்டு, மேலே இருக்கும் நல்ல மரத்தோடு போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். கதவு தொங்குகிற கால் மட்டும் வேறு கதை. திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் கதவின் பாரம் அதை ஒரு பக்கமாக இழுக்கிறது, அதனால் அதில் ஒட்டுவேலை வேண்டாம், முழுசாக மாற்றிவிடுங்கள் என்று கறாராகச் சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

தோண்டுவதற்கு முன் தண்ணீர்க் குழாய், மின்கேபிள், கழிவுநீர்க் குழாய் எல்லாம் எந்தப் பக்கம் போகின்றன என்று கேட்டார். உங்கள் பகுதியில் அதைக் குறித்துத் தர யாராவது இருந்தால் முன்னாலேயே வரச் சொல்லிவிடுங்கள். பலகைகளைக் கழற்றி, எது எங்கே இருந்தது என்று சாக்பீஸால் எண் போட்டு வைத்து, இரண்டு பக்கமும் நிற்கிற வேலிக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் கடப்பாரையைத் தொட்டார்.

நேரம் பிடித்தது பழைய கான்கிரீட் கட்டியை எடுக்கத்தான். மரம் உடைந்து கையோடு வந்துவிட்டது, கட்டி மட்டும் பல்லை ஆட்டி எடுப்பது போல நாலா பக்கமும் ஆட்ட ஆட்டத்தான் அசைந்தது. சுற்றி ஓரடிக்கு மேல் மண் கிளறப்படும், ஆகவே வேலி ஓரத்துச் செடிகளை முன்னாலேயே பெயர்த்து வைத்துவிடுங்கள்.

குழியின் அகலம் காலின் அகலத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆழம், காலின் மொத்த நீளத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல், முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு. அடியில் 10 முதல் 15 செ.மீ. ஜல்லி போட்டுக் குத்தி, அதன்மேல் காலை நிறுத்தி, நூல் பிடித்து, அடுத்தடுத்த இரண்டு முகங்களிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஒரு முகம் மட்டும் பார்த்தால் மறுபக்கம் சாய்ந்திருப்பது தெரியாது. கான்கிரீட்டைத் தரையைவிடக் கொஞ்சம் உயர்த்தி, காலிலிருந்து வெளிப்பக்கமாகச் சரித்துப் பூசினார், மழைத்தண்ணீர் காலடியில் தேங்கக்கூடாது என்பதற்காக. அன்றைக்கே பலகை அடிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். சாதாரணக் கலவை என்றால் ஒன்றிரண்டு நாளாவது விட வேண்டும், கான்கிரீட்டின் பலத்தைக் கணக்கிடுவதே 28 நாளை வைத்துத்தான். இடையில் வேலி திறந்து கிடக்கும், நாய் வளர்ப்பவர்கள் தற்காலிக மறைப்புக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

*

எங்களுடையது இரும்புக் குழாய்க் காலில் கட்டிய கம்பிவலை வேலி. மூலைக்கால் உள்பக்கமாக வளைந்துவிட்டது. வலையின் இழுவிசை முழுவதும் மூலைக்குத்தான் வரும், அதைத் தாங்கச் சாய்வாக வைக்கிற முட்டுக்கால் எங்கள் வேலியில் இல்லவே இல்லை, இதற்கு முன் வேலை செய்த ஆள் வைக்காமலே போயிருக்கிறார். வலையை மெதுவாகத் தளர்த்திய பிறகுதான் காலில் கை வைத்தார்கள். இழுத்துக் கட்டின கம்பியைச் சட்டென்று வெட்டினால் முகத்தில் வந்து அடிக்கும், அந்த நேரத்தில் குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். இன்னொரு காலில் குழாயின் மூடி கழன்று, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, உள்ளிருந்தே துரு தின்றிருந்தது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது! கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, உள்ளே சரியாகப் பொருந்துகிற குழாயைச் செருகிப் பற்றவைத்து, துருத்தடுப்புப் பெயின்ட் அடித்து மூடியையும் மாட்டினார்கள்.

*

குளிர்காலத்தில் நிலம் உறைகிற இடத்தில் இருப்பவர்கள் ஆழத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மண்ணிலுள்ள ஈரம் உறைந்து பருக்கும்போது காலை மேலே தூக்கிவிடும். எங்கள் வேலியில் ஒரு கால் அப்படித்தான் கான்கிரீட்டோடு எழும்பி வந்தது. சரிசெய்ய வந்தவர் மண் உறைகிற ஆழத்துக்கும் கீழே குழியை இறக்கினார், அதற்குப் பிறகு அசையவில்லை.

வேலி எல்லையில் இருந்தால் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதி வேலை அவர்கள் பக்கம் நின்றுதான் நடக்கும். பெயர்த்தெடுத்த கான்கிரீட்டை யார் கொண்டுபோய்ப் போடுவது என்பதையும் விலை பேசும்போதே எழுதி வாங்குங்கள், எங்கள் வாசலில் அது வாரக்கணக்கில் கிடந்தது.