நான் எழுதாத விளம்பரம், என் பெயரில்: வெப்சைட்டை எப்படி இறக்குவது?

மதுரையில் வக்கீலாக இருக்கிறேன். சின்ன ஆபீஸ், நானும் ஒரு ஜூனியரும்தான். ஜனவரியில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆளிடம் வெப்சைட் செய்யச் சொன்னேன். பார் கவுன்சில் விதி 36-இல் 2008-இல் வந்த திருத்தப்படி பெயர், முகவரி, போன், பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்குகள் என்று மட்டும் போடலாம். அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

அவரோ "மதுரையின் நம்பர் 1 விவாகரத்து வக்கீல், முதல் ஆலோசனை இலவசம்" என்று போட்டு வைத்திருக்கிறார். பல் டாக்டருக்குச் செய்ததை அப்படியே காப்பி அடித்திருப்பார் போல! ஆன்லைன் விளம்பரம் பற்றி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வளவு கடுமையாகச் சொன்ன பிறகு, இது யார் கண்ணில் பட்டாலும் எனக்குத்தான் ஒழுங்கு நடவடிக்கை.

டாட் இன் டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் அவர் பெயரில். மூன்று வாரமாகப் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் மட்டும் விழுகிறது. பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ் திரும்பி வந்துவிட்டது. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மெயில் போட்டால், கணக்கு வைத்திருப்பவர்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள். டாட் இன் டொமைன்களைக் கவனிக்கும் நிக்சி அமைப்பில் டொமைன் தகராறு போடலாம், ஆனால் அதுவரை பக்கம் அப்படியே இருக்குமே.

டொமைன் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்தை உடனே இறக்க, ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு என்ன ஆவணத்தோடு, எந்தக் காரணம் காட்டி எழுத வேண்டும்?