வியட்நாமிய மாணவர்களுக்கு உயர்நிலை ஆங்கிலச் சொல்வளம்: பட்டியலை மனப்பாடம் செய்தும் பயன்படுத்தத் தெரியவில்லை

கேள்வி: ஹோ சி மின் நகரில் பணியாற்றும் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஹோ சி மின் நகரில் உள்ள ஓர் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் வயதுவந்தோருக்குக் கற்பித்து வருகிறேன். என் வகுப்பினரில் பெரும்பாலோர் ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில், 9 என்ற உச்ச நிலைக்கு 6 அல்லது 6.5 வரை வந்து, அதற்கு மேல் நகர முடியாமல் நிற்பவர்கள். அன்றாடப் பேச்சுக்கு அவர்களிடம் குறையில்லை. கட்டுரை எழுதச் சொன்னால்தான் சிக்கல் தொடங்குகிறது. இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் 'உயர் மதிப்பெண் சொற்கள்' பட்டியல்களை நெட்டுருப் போட்டு வந்து, 'பிளெத்தோரா' (மிகுதி), 'டெட்ரிமென்டல்' (தீங்கான) போன்ற சொற்களைப் பொருந்தாத இடங்களிலும் நுழைத்துவிடுகிறார்கள். அதே பக்கத்தில் 'சக்சஸ்ஃபுல்' வர வேண்டிய இடத்தில் 'ஹீ இஸ் வெரி சக்சஸ்' என்றும், 'போர்ட்' வர வேண்டிய இடத்தில் 'ஐ ஆம் வெரி போரிங்' என்றும் எழுதுகிறார்கள்.

இதற்கு மாற்றாக, 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர் ஆவெரில் காக்ஸ்ஹெட் தொகுத்த கல்விசார் சொற்பட்டியலை எடுத்துக்கொண்டேன். அதன் 570 தலைச்சொற்களையும் வியட்நாமியப் பொருளுடன் ஆங்கி என்னும் நினைவட்டைச் செயலியில் அட்டைகளாக ஏற்றிக் கொடுத்தேன். அட்டையைக் காட்டினால் உடனே பொருள் சொல்கிறார்கள். எழுதும்போது அச்சொல் வருவதில்லை, வந்தாலும் வடிவம் பிழையாக இருக்கிறது. இவர்களுடைய தாய்மொழியின் அமைப்பில் இதற்கு ஏதேனும் காரணம் உண்டா? அந்த மொழியிலிருந்தே இதற்கு உதவி பெற முடியுமா? கடைத்தெருவில் பேசும் அளவுக்குத்தான் எனக்கு வியட்நாமியம் தெரியும் என்பதால், அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன்.

மறுமொழி 1: ஹனோயில் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்பிப்பவர்

வணக்கம் அம்மா. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் 'உண்டு' என்பதே என் விடை.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். வியட்நாமிய மொழியில் சொல் வடிவம் மாறுவதே இல்லை. 'தான் கொங்' என்ற ஒரே சொல் வெற்றி என்ற பெயராகவும், வெற்றி பெறு என்ற வினையாகவும், வெற்றிகரமான என்ற அடையாகவும் நிற்கும். வாக்கியத்தில் அது நிற்கும் இடமே அதன் வேலையைச் சொல்லிவிடும். (அசையின் குரல் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் தொனிக்குறிகளைத் தமிழ் எழுத்தில் காட்ட இயலாது என்பதால் ஒலிகளைத் தோராயமாகவே எழுதுகிறேன்.) ஆகவே 'தான் கொங் என்றால் சக்சஸ்' என்று அட்டையில் படித்த மாணவர், தன் மொழியில் போலவே அந்த ஒரு வடிவத்தை மூன்று இடங்களிலும் வைத்துவிடுகிறார். 'ஐ ஆம் போரிங்' என்ற பிழைக்கும் இதுவே வேர். சலிப்பூட்டுவது, சலிப்படைவது இரண்டையும் குறிக்க அவர்களிடம் 'சான்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது.

நீங்கள் எடுத்த பட்டியலில் குறை இல்லை. தலைச்சொற்களை மட்டும் எடுத்ததுதான் பொருந்தவில்லை. காக்ஸ்ஹெட் தொகுத்தது 570 சொற்களை அல்ல, 570 சொற்குடும்பங்களை. உறுப்பினர்களை எல்லாம் கணக்கிட்டால் ஏறத்தாழ 3,000 சொற்கள் வரும். 'எகானமி' என்ற ஒரு தலைச்சொல்லின் கீழ் எகனாமிக், எகனாமிக்கல், எகனாமிக்ஸ், எகனாமிஸ்ட் என்று வரிசையாக நிற்கின்றன. வியட்நாமியத்தில் இவற்றுள் பெரும்பாலானவற்றைக் 'கிங் தே' என்ற ஒரே சொல்லை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். அட்டையின் பின்பக்கம் 'கிங் தே' என்று மட்டும் இருந்தால் இந்த வேறுபாடு முழுவதும் மறைந்துபோகிறது. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை என்பதை விட்டு, ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை, ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு முழு வாக்கியம் என்று மாற்றிப் பாருங்கள்.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். வியட்நாமியரிடம் 'ஹான் வியட்' என்று அவர்கள் அழைக்கும் சீன மூலச் சொற்களின் பெருந்தொகுதி ஒன்று இருக்கிறது. அரசு, சட்டம், அறிவியல், கல்வி எல்லாம் அந்த அடுக்கிலேயே பேசப்படுகின்றன. ஆங்கிலத்தில் இலத்தீனும் கிரேக்கமும் எந்த இடத்தில் இருக்கின்றனவோ அதே இடம். அதைவிட முக்கியமாக, கட்டுமான முறையும் ஒன்றே. நாம் உயிரியல், உளவியல் என்று 'இயல்' சேர்ப்பதைப் போல அவர்கள் 'ஹொக்' சேர்க்கிறார்கள்: சிங் ஹொக் என்றால் பயாலஜி, தம் லி ஹொக் என்றால் சைக்காலஜி. நம்முடைய 'மயமாக்கல்' அவர்களுக்கு 'ஹ்வா'. உலகமயமாக்கல், தொழில்மயமாக்கல், நவீனமயமாக்கல் மூன்றும் 'ஹ்வா'வில்தான் முடியும். 1986இல் தொடங்கிய டோய் மோய் எனும் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் வளர்ந்த எந்த வியட்நாமியரும் அரசு முழக்கங்களில் இந்தச் சொற்களைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. முன்னொட்டுகளும் அப்படியே. இல்லீகல் என்பதில் உள்ள எதிர்மறைக்குப் 'பட்', நான் கவர்ன்மெண்டல் என்பதில் உள்ளதற்கு 'ஃபி', மல்டிநேஷனல் என்பதன் மல்டிக்கு 'டா', ரீசைக்கிள் என்பதன் ரீக்குத் 'தாய்'. சூப்பர்மார்க்கெட்டைச் 'சியூ தி' என்பார்கள். அதில் 'சியூ' சூப்பர், 'தி' சந்தை.

வியட்நாமிய எழுத்தில் ஒவ்வோர் அசையும் இடைவெளி விட்டுத் தனியே எழுதப்படுவதால், நீண்ட சொல்லைத் துண்டுகளாகக் காண்பது அவர்களுக்குப் பழகிப்போன பார்வை. எனவே 'அன்பிரிடிக்டபிள்' என்பதைக் கரும்பலகையில் 'அன் பிரி டிக்ட் அபிள்' என்று பிரித்து எழுதி, ஒவ்வொரு துண்டுக்கும் ஹான் வியட்டில் இணை தேடச் சொல்லுங்கள். அந்தத் தேடலை அவர்கள் விரும்பிச் செய்கிறார்கள். பள்ளியில் ஹான் வியட் சொற்களைப் பாடமாகவே படித்தவர்கள் அல்லவா!

மறுமொழி 2: மெல்பர்னில் குடியேறியோருக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்

ஹனோய் நண்பர் சொன்னவற்றை ஏற்கிறேன். எனினும், கண்ணால் காணும் சொல்லைப் பற்றி மட்டுமே அவர் பேசியிருக்கிறார். காதை விட்டுவிட்டால் இந்த உழைப்பில் பாதி வீணாகும்.

வியட்நாமிய அசை ஒன்று ப், ட், க், ம், ன், ங் போன்ற மிகச் சில மெய்களில்தான் முடிய முடியும். அவற்றிலும் வல்லொலிகள் உதட்டிலோ நாவிலோ அடைபட்டு நின்றுவிடும். வெடித்து வெளியே வருவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மெய்கள் சேர்ந்து அசையை முடிப்பதும் இல்லை. இதன் விளைவாக இன்டரஸ்ட், இன்டரஸ்ட்ஸ், இன்டரஸ்டெட் மூன்றும் பலர் வாயில் ஒரே ஒலியாக வருகின்றன. வருந்தத்தக்கது என்னவென்றால், காதிலும் ஒரே ஒலியாகவே விழுகின்றன. ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்களில் பெயரா, வினையா, அடையா என்பதைச் சொல்வது பெரும்பாலும் சொல்லின் கடைசிப் பகுதி. அவர்களுடைய இலக்கணம் அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்பதில்லை, ஒலியமைப்போ அதைத் தாங்குவதில்லை. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்வதால்தான், பல ஆண்டுகள் படித்தவர்களிடமும் 'வெரி சக்சஸ்' மறையாமல் இருக்கிறது.

நாம் தமிழர்கள் நேர் எதிராகச் செய்பவர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 'பஸ்ஸு', 'லைட்டு' என்று உகரம் சேர்த்தாவது ஈற்றுமெய்யைக் காப்பாற்றிவிடுவோம். அதனால் ஈறு தேய்வது எவ்வளவு பெரிய இடர்ப்பாடு என்பது நமக்கு இயல்பாகத் தோன்றுவதில்லை. தனியே கவனம் வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் செய்வது இதுதான். புதிய சொற்குடும்பம் ஒன்றை எழுத்தில் காட்டுவதற்கு முன், அதன் உறுப்பினர்களை வாக்கியங்களில் வைத்துப் படிப்பேன். எந்த வடிவம் கேட்டது என்பதை மட்டும் அவர்கள் குறிக்க வேண்டும். தொடக்கத்தில் பலரும் ஊகத்தில்தான் குறிக்கிறார்கள். அடுத்து அழுத்தம். வியட்நாமியத்தில் ஒவ்வோர் அசைக்கும் அதற்கே உரிய தொனி உண்டு, ஆகையால் ஆங்கிலச் சொல்லின் எல்லா அசைகளையும் ஒரே கனத்தில் சொல்வார்கள். '-இக்', '-இட்டி', '-ஷன்' என்று முடியும் சொற்களில், மிகச் சில விலக்குகள் தவிர, ஈற்றுக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். எகானமியில் இரண்டாம் அசையில் இருந்த அழுத்தம் எகனாமிக்கில் மூன்றாம் அசைக்கு நகர்கிறது. இந்த ஒரு விதி நூற்றுக்கணக்கான கல்விசார் சொற்களை அடையாளம் காண உதவும். சொல் காதில் பதிந்த பிறகுதான் ஆங்கி அட்டை. அந்த அட்டையிலும் ஒலிப்பதிவு கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஈறு குறித்த விளக்கத்தைப் படித்த பிறகு, மாணவர்களின் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். பிழைகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும். வடிவம் சரியாக இருந்தும் சேர்க்கை தவறாக வருகிறது. 'பிக் ரெய்ன்', 'டிரிங்க் மெடிசின்' என்று எழுதுகிறார்கள். அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் எல்லாவற்றுக்கும் 'பிளீஸ் சப்போர்ட் மீ' என்கிறார்கள். ஹான் வியட் வழியில் போனால் இந்தப் பழக்கம் இன்னும் வலுப்பட்டுவிடாதா?

மறுமொழி 3: சிங்கப்பூரில் வியட்நாமிய மாணவர்களுக்குக் கற்பிப்பவர்

உங்கள் அச்சம் நியாயமானது. ஹான் வியட் பாலம் சொல்லின் பொருளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேரும், எந்த இடத்தில் புழங்கும் என்பதை அது சொல்லாது. 'சப்போர்ட்' நல்ல சான்று. உதவி என்பதற்கு அவர்களிடம் 'யூப்' என்ற எளிய சொல்லும், 'ஹோ த்ரொ' என்ற ஹான் வியட் சொல்லும் உண்டு. அலுவலக வழக்கில் இரண்டாவது மிகச் சாதாரணமாகப் புழங்குகிறது. அதை அப்படியே ஆங்கிலத்தில் வைக்கும்போது, ஓர் ஆவணத்தை அனுப்பச் சொல்லும் சிறு வேண்டுகோள்கூட ஆதரவு கோரும் முறையீடாக ஒலித்துவிடுகிறது.

மழையை அவர்கள் 'பெரியது' என்பார்கள், ஆங்கிலத்தில் அது 'கனத்தது'. மருந்தை அவர்கள் 'குடிப்பார்கள்', ஆங்கிலத்தில் 'எடுக்க' வேண்டும். இவற்றுக்கு விதி கிடையாது, ஆகவே தனிச்சொல்லாகக் கற்பிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 'டிசிஷன்' என்று ஓர் அட்டை வேண்டாம். 'மேக் எ டிசிஷன்', 'ரீச் எ டிசிஷன்' என்று தொடராகவே அட்டை செய்யுங்கள். தேர்வுக்கும் இதுவே உகந்தது. ஐஇஎல்டிஎஸ் எழுத்திலும் பேச்சிலும் சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பு உண்டு. 7ஆம் நிலைக்கான விவரிப்பு, அதிகம் புழங்காத சொற்களைப் பயன்படுத்துவதோடு நடையையும் சொற்சேர்க்கையையும் ஓரளவு அறிந்திருப்பதையும் சேர்த்தே எதிர்பார்க்கிறது. 'பிளெத்தோரா'வை மனப்பாடம் செய்து பொருந்தாத இடத்தில் வைப்பவருக்கு அந்த இரண்டாவது பகுதி எப்படிக் கைகூடும்?

அட்டைகளின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பிறர் உதவியின்றி ஆங்கில நாவலையோ செய்தித்தாளையோ வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவைப்படும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணித்தார். எந்த வகுப்பறையும் அவ்வளவையும் கற்பித்து முடிக்க இயலாது. வாசிப்புதான் அதைக் கொண்டுவர வேண்டும். வியட்நாமிய மாணவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வி.என்.எக்ஸ்பிரஸ் போன்ற செய்தித்தளங்கள் இரு மொழிகளிலும் வெளிவருகின்றன. மேகோங் கழிமுகத்தில் உப்புநீர் ஏறுவதையோ ஹனோயின் காற்று மாசையோ பற்றிய செய்தியை முதலில் வியட்நாமியத்தில் படிக்கட்டும். மறுநாள் அதே நிகழ்வை ஆங்கிலத்தில் படித்து, தாங்கள் எதிர்பார்த்த சேர்க்கைக்கு மாறாக ஆங்கிலத்தில் வந்தவற்றை மட்டும் அடிக்கோடிடட்டும். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் சொற்கள் சேரும் விதத்தில் நிற்கும். அந்த அடிக்கோடுகளே அடுத்த வார அட்டைகள்.

மறுமொழி 1, மீண்டும்

சிங்கப்பூர் நண்பர் சொன்ன வரம்பை ஒப்புக்கொள்கிறேன். ஹான் வியட் வழியைச் சொல்லைப் புரிந்துகொள்வதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, எழுதுவதற்கு அவருடைய தொடர் அட்டைகளை நாடுவதே முறை.

அம்மா, தேர்வு நெருங்கியிருந்தால் 570 குடும்பங்களையும் தொட வேண்டாம். காக்ஸ்ஹெட் அவற்றைப் பயன்பாட்டின் மிகுதிப்படி பத்துப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார். முதல் மூன்று பகுதிகளை ஒலி, ஈறு, சேர்க்கை மூன்றோடும் முழுமையாக முடியுங்கள். கட்டுரை திருத்தும்போது சரியான வடிவத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காமல், பிழையான ஈற்றின் கீழ் ஒரு கோடு மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். குடும்ப அட்டையைப் பார்த்து அவர்களே வடிவத்தைத் தேர்ந்து, அந்த வாக்கியத்தை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அப்போது ஈறு வாயிலும் வந்ததா என்பதை நீங்கள் அங்கேயே கேட்டுவிடலாம்.