தாத்தாவின் கிளாரினெட்: முத்திரை பாதி அழிந்திருக்கிறது, யார் செய்தது?

மரப்பெட்டி:
தாத்தா போன பிறகு அவருடைய கிளாரினெட் என்னிடம் வந்தது. கறுப்பு மரம், துளைகளைத் திறந்து மூட 13 சாவி, கீழ்ப்பாகத்தில் துளையைச் சுற்றி 2 வளையம். முத்திரை தேய்ந்து, கடைசியில் "சன்", அடியில் "லண்டன்", அதற்கும் கீழே "ஹெச் பி" என்ற இரண்டு எழுத்து மட்டும் தெரிகிறது. பெருவிரல் துளையின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று குழிந்திருக்கிறது. அவர் விரல் தேய்த்த இடம். ஆனால் சுருதி காட்டும் ட்யூனர் கருவியை வைத்தால் எல்லாச் சுரமும் ஏறியே நிற்கிறது. பழுது பார்ப்பவர் ஒருவர், கெட்டுப்போன வாத்தியம் என்று சொல்லிவிட்டார். மனசே ஆறவில்லை.

ரீடுப்பெட்டி:
கெட்டுப்போகவே இல்லைங்க. ஹெச் பி என்றால் 'ஹை பிட்ச்', அதாவது உயர் சுருதி. இன்றைக்கு 'ஏ' சுரம் 440 ஹெர்ட்ஸ். அந்தக் கால பிரிட்டிஷ் பேண்டுகளில் 452-ஐ ஒட்டி இருந்தது. வித்தியாசம் கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி. குழலையே குட்டையாகச் செய்திருப்பார்கள். வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றி அளந்து பாருங்கள்: இன்றைய வழக்கமான பி ஃபிளாட் கிளாரினெட் 60 செ.மீ.க்குப் பக்கத்தில் வரும், உங்களுடையது ஒன்றிரண்டு செ.மீ. குறையும். மவுத்பீஸுக்கு அடுத்த குட்டைத் துண்டான பேரலை வெளியே இழுத்துச் சரிக்கட்டச் சொன்னால் கேட்காதீர்கள். மேல் துளைகளில் பிறக்கும் சுரங்கள் நிறைய இறங்கும், எல்லாத் துளையும் மூடிய சுரம் கொஞ்சம்தான் இறங்கும். குழலுக்குள்ளேயே சுருதி சேராமல் போகும்.

கருங்குழல்:
13 சாவி, 2 வளையம் என்றால் சிம்பிள் சிஸ்டம் என்ற பழைய சாவி அமைப்பு. பிரஸ்ஸல்ஸில் கிளாரினெட் செய்த ஆல்பர்ட் பெயரால் ஆல்பர்ட் சிஸ்டம் என்றும் சொல்வோம். இன்று பரவலாக உள்ள போம் சிஸ்டத்தில் வழக்கமாக 17 சாவி, 6 வளையம்.
முத்திரைக்குப் பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், இருக்கிற எழுத்தும் போய்விடும். சாக்பீஸ் தூளை லேசாகத் தடவி, இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். பேரல், அடியில் விரிந்திருக்கும் பெல் இரண்டிலும் தேடுங்கள். "ஹாக்ஸ் அண்ட் சன்" என்று வந்தால், அந்தக் கம்பெனி 1930-இல் 'பூசி' என்ற இன்னொரு கம்பெனியோடு இணைந்துவிட்டது. ஆக, பெரும்பாலும் அதற்கு முந்தையது. ஒன்று, விற்ற கடையின் பெயரையே முத்திரையாக அடிக்கும் வழக்கமும் உண்டு. பெயரை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

மரப்பெட்டி:
பெல்லில் கிடைத்தது! சாக்பீஸ் தூளில் "ஹாக்ஸ்" முழுசாகத் தெரிகிறது. நீளம் 58 செ.மீ. ட்யூனரை 452-க்கு மாற்றி, நடுங்கிக்கொண்டேதான் ஊதினேன். முள் நடுவில் நின்றது.