200 வரிகளை 240 ஆக இழுப்பது மீட்பா, சிதைப்பா?

கண்ணாடித்திரை:
வண்ணத்தூரிகை நேற்று எண்பதுகளின் அமிகா கணினியில் வரைந்த ஒரு பழைய படத்தைப் புதுப்பித்துப் போட்டிருந்தார். மலைக்கு மேலே முழுநிலா, கீழே ஏரிக்கரையில் ஒரு பெண். ஏஐ கொண்டு பெரிதாக்கிவிட்டு, "ஓவியரிடம் இன்றைய மென்பொருள் இருந்திருந்தால் இப்படித்தான் வரைந்திருப்பார்" என்று ஒரு வரி வேறு. அந்த வரியைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஏஐ செய்த கூத்து ஒருபுறம் இருக்கட்டும், முதலில் நிலாவைப் பாருங்கள். மேலும் கீழும் அமுங்கி முட்டையாகக் கிடக்கிறது. மூல ஃபைலில் அளந்தேன்: அகலம் 60 பிக்சல், உயரம் 50 வரி. 320க்கு 200 அளவுப் படம் அன்றைய 4:3 திரையை நிறைத்து நின்றது. அதாவது ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைப் போல 1.2 மடங்கு உயரம்; இன்றைய திரையிலோ பிக்சல் சதுரம். 50ஐ 1.2ஆல் பெருக்குங்கள், 60 வரும். நிலா வட்டமாகிவிடும். இதைக்கூடச் செய்யாமல் என்ன புதுப்பிப்பு?

வண்ணத்தூரிகை:
படம் பார்க்க அழகாக இருக்கிறதா இல்லையா? அதை யாரும் சொல்ல மாட்டீர்கள், அளவுகோலை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள். 4096 நிறங்களில் வழக்கமான முறையில் ஒரே நேரத்தில் 32தான் வைக்கலாம் என்பது அந்த இயந்திரத்தின் குறை. அந்தப் பெண்ணின் கன்னத்தில் பழுப்பும் ரோஜாவும் ஒன்றுவிட்டு ஒன்று புள்ளியாக நிற்கின்றன. ஆசைப்பட்டா அப்படி வைத்தார்? நடுநிறம் கிடைக்கவில்லை, வைத்தார். நான் அந்த நடுநிறத்தைக் கொடுத்திருக்கிறேன்.

சதுரப்புள்ளி:
இரண்டு பேருமே படத்தைக் கெடுக்கிறீர்கள். ஃபைலில் இருப்பது 200 வரி. 200தான். அதை 240 ஆக இழுத்தால் ஐந்து வரிக்கு ஒரு வரி இரட்டிக்கும். ஏரித் தண்ணீரில் மாற்றி மாற்றி வைத்த நீலப் புள்ளிகளில் அங்கங்கே தடித்த பட்டை விழும். அதை மறைக்க, பக்கத்துப் பிக்சல்களின் நிறங்களைக் கலந்து பெரிதாக்கும் பைகியூபிக் முறையைப் போட்டால் 32 நிறம் நூற்றுக்கணக்காகப் பெருகும். இதற்குப் பெயர் மீட்பு என்றால் நான் என்ன சொல்ல?

கண்ணாடித்திரை:
240க்கு இழுத்துவிட்டு நிறுத்தச் சொன்னது யார்? அகலத்தை 5 மடங்கு, உயரத்தை 6 மடங்கு ஆக்குங்கள். நியரஸ்ட் நெய்பர் முறை, அதாவது நிறம் கலக்காமல் பிக்சலை அப்படியே நகலெடுப்பது. 1600க்கு 1200 வரும். ஒரு பிக்சலும் உடையாது, ஒரு நிறமும் கூடாது. ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் ஒரு நிமிட வேலை. இது தெரியாமல் எத்தனை வருடமாக இங்கே எல்லோருக்கும் பாடம் எடுக்கிறீர்கள்?

வண்ணத்தூரிகைக்கு: அந்தப் பெண்ணின் கண்ணோரம் ஒரே ஒரு வெள்ளை பிக்சல் இருந்தது. கண்ணின் பளபளப்பு அது. உங்கள் ஏஐ அதைக் கண்ணீர்த்துளி ஆக்கிவிட்டது. மூலப்படத்தில் அவள் அழவே இல்லை. இதைத்தான் ஓவியர் வரைந்திருப்பாரா?

சதுரப்புள்ளி:
"திரையை நிறைத்து" என்றீர்களே, அது எந்தத் திரை? அமிகாவில் படத்தைச் சுற்றி விளிம்பு இருந்தது. விளிம்பில்லாமல் முழுத் திரையையும் நிறைத்தது 1987ல் பிசிக்கு வந்த விஜிஏ என்ற திரைத் தரத்தின் 320க்கு 200. பிசி கணக்கை எடுத்து அமிகா மேல் ஒட்டுகிறீர்கள். அப்புறம் நிலா: அடிவானத்தருகே நிலா சற்றுத் தட்டையாகத்தான் தெரியும். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால் வருவது அது. ஓவியர் கண்ணால் பார்த்ததை வரைந்திருக்கலாம்.

கண்ணாடித்திரை:
நிலா மலை உச்சிக்கு வெகு மேலே நிற்கிறது. அடிவானமாம்! 60க்கு 50. இந்த இரண்டு எண்ணுக்குப் பதில் சொல்லுங்கள்.

அமிகாஅன்பன்:
அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி மெஷினா, ஐரோப்பிய முறையான பால் (PAL) மெஷினா என்று யாராவது கேட்டீர்களா? ஐரோப்பாவின் பால் அமிகாவில் முழுப்படம் 256 வரி. அதில் 200 வரிப் படம் போட்டால் கீழே வெற்றிடம் இருக்கும், பிக்சல் கிட்டத்தட்ட சதுரமாகவே தெரியும். அதைவிட முக்கியம், அமிகா படங்களைச் சேமித்த ஐஎஃப்எஃப் வடிவ ஃபைலின் தலைப்பகுதியிலேயே பிக்சல் விகிதம் எழுதியிருக்கும். அமிகாவின் ஓவிய மென்பொருளான டீலக்ஸ் பெயிண்ட் காலத்து 320க்கு 200 படங்களுக்கு வழக்கமாக 10க்கு 11. உயரம் அகலத்தைப் போல 1 மடங்கும் இல்லை, 1.2 மடங்கும் இல்லை, 1.1 மடங்கு. 220 வரி. இன்றைய மென்பொருள் பலவும் அந்த எண்ணைப் படிப்பதே இல்லை.

கண்ணாடித்திரை:
50ஐ 1.1ஆல் பெருக்கினால் 55. அகலம் 60. அப்போதும் முட்டைதான். தலைப்பகுதி எண்ணை எத்தனை மென்பொருள் யோசித்து எழுதியது? ஓவியரின் கண் எதிரே இருந்தது திரை, தலைப்பகுதி அல்ல.

நிலாமதி:
அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் கதையை ஏன் யாரும் எடுக்கவில்லை? 1985ல் அமிகா அறிமுக விழாவில் பாடகி டெபி ஹாரியை வரைந்தாரே, அவர்தான். அவருடைய ஃப்ளாப்பிகளில் இருந்த படங்களை 2014ல் வார்ஹால் அருங்காட்சியகமும் கார்னகி மெலன் கணினிச் சங்கமும் சேர்ந்து மீட்டன. டிஸ்கைப் பத்திரமாகப் படித்து, பழக்கமில்லாத ஃபைல் வடிவத்தைப் பிரித்து எடுத்த வேலை அது. 2021ல் ஐந்து படங்கள் கிறிஸ்டீஸ் ஏலத்தில் என்எஃப்டி (டிஜிட்டல் உரிமைச் சான்று) ஆக விற்றபோது ஒவ்வொன்றும் 4500க்கு 6000 பிக்சல். அமிகாவில் ஏது அந்த அளவு? இது மூலமே அல்ல என்று அன்றே எதிர்ப்பு வந்தது.

வண்ணத்தூரிகை:
எதிர்ப்பு வந்தது, விற்கவும் செய்தது. 33 லட்சம் டாலருக்கு மேல். பெரிதாக்கியதால் யாரும் வேண்டாம் என்று ஓடவில்லையே.

நிலாமதி:
விலைதான் அளவுகோல் என்றால் உங்களோடு பேச எனக்கு எதுவும் இல்லை.

சதுரப்புள்ளி:
கண்ணாடித்திரைக்கு ஒரு கேள்வி. போன மாதம் நீங்கள் மாற்றிப் போட்ட படங்களில் வெள்ளை ஏன் சாம்பலாக இருந்தது? அமிகாவின் நிறத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை. 15ஐ 17ஆல் பெருக்கினால்தான் இன்றைய முழு வெள்ளைக்கான 255 வரும். நீங்கள் 16ஆல் பெருக்கி 240ல் நின்றுவிட்டீர்கள். வெள்ளையை வெள்ளையாக வைக்கத் தெரியாதவர் வட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்.

கண்ணாடித்திரை:
அது நான் பயன்படுத்திய கன்வர்ட்டரின் வேலை, என் வேலை அல்ல. அதை அன்றே சொன்னேன். படிக்காமல் இப்போது தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். பேச்சை மாற்ற வேண்டாம். நிலா 60க்கு 50. வட்டமா, முட்டையா?

அமிகாஅன்பன்:
கலர் சைக்ளிங் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அந்த ஏரித் தண்ணீர் நகரும்! பிக்சல் அப்படியே நிற்க, நிறப்பட்டியலில் நீலங்கள் மட்டும் சுழலும். பிஎன்ஜி என்ற அசையாப் பட ஃபைல் ஆக்கிய அன்றே தண்ணீர் செத்துவிட்டது. நீங்கள் மூன்று பேரும் நிலாவை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

கண்ணாடித்திரை:
நகரும் தண்ணீரில் அந்த நிலாவின் பிம்பமும் இருக்கிறது. அதுவும் 60க்கு 50தான். இப்போதும் உங்கள் 220 வரியில்தான் நிற்கிறீர்களா?

அமிகாஅன்பன்:
220. ஃபைல் சொல்வது அதுதான்.

சதுரப்புள்ளி:
200. அந்த கன்வர்ட்டரின் பெயரைச் சொல்லுங்கள், நானே சோதித்துப் பார்க்கிறேன்.