அப்பாவின் டிரங்குப் பெட்டியில் மூன்று மெடல்கள் – பட்டாளத்தில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை:
வணக்கம். அப்பா போன மாதம் தவறிவிட்டார், வயது 77. 1966-ல் ஆர்மியின் இன்ஜினியர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து 1983-ல் நாயக் ரேங்கில் பென்ஷனில் வந்தவர், அப்புறம் வேலூரில் ஒரு பேங்க்கில் செக்யூரிட்டி. சண்டையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்களுக்குத் தெரிந்த அப்பா, நாலரைக்கு எழுந்து அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமையானால் பேரப்பிள்ளைகளின் ஸ்கூல் ஷூக்களை வரிசையாக வைத்து, துணியில் துளி தண்ணீர் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போடுபவர்.

காரியம் முடிந்து அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். நம்பரும் பேரும் வெள்ளை பெயின்டில் எழுதிய பெட்டி. உள்ளே மூன்று மெடல், அம்மாவுக்கு எழுதிய இன்லாண்ட் லெட்டர்கள் ஒரு கட்டு. ஒன்றில் தேதி 9-12-1971. "நான் நலம், மாடு கன்று போட்டதா, பாப்பாவுக்குத் தலைக்கு ஊற்றும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்" என்று இருக்கிறது, சண்டை நடக்கிறது என்றே இல்லை. அந்தப் பாப்பா நான்தான். அனுப்பியவர் விலாசத்தில் ஊர் இல்லை, 99 ஏ.பி.ஓ. (ஆர்மி போஸ்ட் ஆபீஸ்) என்று மட்டும். அப்பா அப்போது எங்கே இருந்தார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் வருஷத் திதிக்குள் பிள்ளைகளுக்காக எழுதி வைக்க ஆசை.

ஓய்வு ஹவில்தார்:
அம்மா, ஆழ்ந்த அனுதாபங்கள். நானும் சாப்பர்தான், உங்கள் அப்பாவுக்கு ரொம்ப ஜூனியர். எங்களை ஆர்மியில் எல்லோரும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள், அவரையும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள். 56 ஏ.பி.ஓ. என்றால் வடக்கு, மேற்குப் பக்கம். 99 என்றால் கிழக்கு. மெடலில் ஒன்று நட்சத்திர வடிவில் "பூர்வி ஸ்டார்" என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், அவர் 71-ல் பங்களாதேஷ் சண்டைப் பக்கம் இருந்தவர். மேற்கே இருந்தவர்களுக்கு பஷ்சிமி ஸ்டார். ஊர் பேர் எழுதாததற்குக் காரணம், யூனிட் எங்கே இருக்கிறது என்று கடிதத்தில் எழுதக் கூடாது. பங்களாதேஷ் முழுக்க ஆறு, பின்வாங்கிய பாகிஸ்தான் படை பாலங்களைத் தகர்த்துக்கொண்டே போனது, பைரப் பஜாரில் மேக்னா ஆற்றுப் பாலத்தையே உடைத்தார்கள். கன்னிவெடி எடுப்பது, பாலம் போடுவது எல்லாம் சாப்பர் வேலை. சண்டையில் சாப்பர் என்ன செய்தான் என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் அவன் பாலம் போடாமல் டாங்க் ஆற்றைத் தாண்டாது.

அவர் சர்வீஸ் விவரம் இருக்கும் டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள். இல்லையென்றால் ஆர்மி நம்பரைப் போட்டு பெங்களூரு எம்.இ.ஜி. (மெட்ராஸ் சாப்பர்ஸ்) ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு அம்மா கையெழுத்தோடு எழுதுங்கள். அப்படியே குடும்ப பென்ஷன் மாறிவிட்டதா என்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

செங்கம் ரோடு:
அக்கா, ரெக்கார்ட்ஸ் பேப்பர் வரும்போது வரட்டும், அம்மாவிடம் கேட்டீர்களா? எங்கள் தாத்தா 65 சண்டையில் இருந்தவர். ஆயா இருந்தவரைக்கும் யாரும் கேட்கவில்லை, இப்போது கேட்க ஆளில்லை. போனில் ரெக்கார்டிங் போட்டு வைத்துவிட்டு, அந்தக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுங்கள். தானாகப் பேசுவார்.

பாலாற்றங்கரை:
ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே பூர்வி ஸ்டார்தான். இன்னொன்று 71 சண்டைக்கான சங்க்ராம் மெடல், கண்ணாடி போட்டுப் பார்த்தால் விளிம்பில் அப்பாவின் நம்பரும் பேரும் வெட்டியிருக்கிறது, அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

செங்கம் ரோடு தம்பி, நேற்று ராத்திரி அம்மாவுக்குக் கடிதங்களைப் படித்துக் காட்டினேன். சண்டை பற்றி அம்மாவுக்கும் தெரியவில்லை. 72-ல் லீவில் வந்தபோது எனக்கு அப்பாவை அடையாளம் தெரியாமல், மீசையைப் பார்த்துக் கத்தி அழுதேனாம். யாரும் வற்புறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் திண்ணையிலேயே சாப்பிட்டு அங்கேயே படுத்துக்கொண்டாராம். மூன்றாம் நாள் காலையில் நானாகத் தவழ்ந்துபோய் அவர் ஷூ லேஸைப் பிடித்து இழுத்தேன் என்றார் அம்மா.